சீட்டை மட்டும் தொடாதே

ஜூன் 3, திங்கள்

சுண்டு, தினமும் தட்டில் கை வைக்கும்போதே “இன்னிக்கு என்ன கூத்தும்மா?” என்று கேட்பாய். இப்போது கேட்க ஆள் இல்லை. சொல்ல வேண்டியது மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வருசப் பிறப்புக்கு உனக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

இன்றைய கூத்து இதுதான். உன் போன் அடித்தது. அதை நான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், காரணம் ஒன்றுமில்லை. கார் ஷோரூமில் இருந்து ஷெரின் என்று ஒரு பெண்.

“ரகுராம் சார் இருக்காருங்களா? மார்ச்சுல புது ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்னாரு. அப்புறம் போனே எடுக்கலைங்க.”

“வெளியே போயிருக்கான்” என்று சொல்லிவிட்டேன்.

“எப்ப வருவாருங்க?”

“தெரியலை கண்ணு.”

நீ ஓட்டிப் பார்த்தது எனக்குத் தெரியாது. உன் மெக்கானிக் பட்டறையில் நீயும் கூட்டாளி திருமூர்த்தியும் சண்டை போடுவது மட்டும் தெரியும். தினமும் ஓட்டுவதற்குப் புது வண்டியா, இந்தப் பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் வண்டியே போதுமா என்று டீ ஆறும்வரை பேசுவீர்கள். ஒரு நாள் பழசு என்பாய், மறுநாள் புதுசு என்பாய். கடைசியில் எதை முடிவு செய்தாய் என்று என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

தையல் கடையில் யூனிபார்ம் குவிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, எல்லாருக்கும் நேற்றே வேணும்.

மஞ்சள் வண்டி அத்திப்பாளையம் பிரிவு சிக்னலில் நின்றுவிட்டது. மூன்று தடவை. பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் பைக்கில் இருந்த பயல்கள், “ஆன்ட்டி, ரேஸ் போலாமா?” என்றார்கள். “சரக்கு டெலிவரி முடிச்சுட்டு வர்றேன், இருங்க” என்றேன். பக்கத்து சீட்டில் அரை டஜன் பாவாடை பார்சல் இருந்தது. அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார்கள்.

வண்டிமேல் தப்பில்லை. கிளட்ச் எனக்கு முழுசாக எட்டுவதில்லை. முதுகுக்குப் பின்னால் சோபாத் தலையணையை வைத்துத்தான் ஓட்டுகிறேன். அப்படியும் கட்டை விரலால் எட்டி உதைக்க வேண்டியிருக்கிறது. யாராவது பக்கத்தில் வந்தால் தலையணையைப் பின்னால் போட்டுவிடுவேன்.

சீட்டை முன்னால் தள்ளினால் ஒரே நிமிசத்தில் சரியாகிவிடும். அது எனக்குத் தெரியாதா?

ஜூன் 6, வியாழன்

ரப்பர் எரிகிற மாதிரி நாற்றம். திருமூர்த்தியை வரச் சொன்னேன். பட்டறையை இப்போது அவன் ஒருத்தனாகத்தான் பார்க்கிறான். உன் பெயர்ப் பலகையை எடுக்கவில்லை.

“கிளட்ச் பிளேட்டு போச்சுங்கம்மா. போன மாசந்தான புதுசு போட்டேன்? என்ன பண்றீங்க, பாதி கிளட்ச்சுலயே ஓட்டறீங்களா?”

“பழைய வண்டிடா. வயசாயிருச்சு.”

“வண்டிக்கு ஒண்ணும் வயசாகலைங்க. ரகு இத மருதமலைக்கு ஏத்தி எறக்குவான், ஒரு முக்கல் முனகல் இருக்காது.”

பட்டறைக்கு எடுத்துப் போகக் கதவைத் திறந்தான். ஓடிப் போய், “சீட்டை மட்டும் தொடாதே” என்றேன்.

அவன் உள்ளே உட்கார்ந்து காலை நீட்டினான். “எதுக்குங்கம்மா தொடறேன்? எனக்குச் சரியாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். தங்கமான பையன். நீ உட்கார்ந்த இடம் அப்படியே தப்பித்தது.

ஜூன் 7, வெள்ளி

பஸ்ஸில் போனேன். உட்கார இடம் கிடைத்தது. அப்படியும் உட்கார முடியவில்லை, பாதியில் எழுந்து நின்றுகொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

திருப்பூரில் இருந்து உன் அக்காள் சுகந்தி வந்தாள், மாப்பிள்ளையும். கோழி எடுத்துக் குழம்பு வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல. மாப்பிள்ளை மோரை ஊற்றிக்கொண்டார்.

சுகந்தி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கூரையில் இருக்கிற கண்ணாடிக் கதவு ஓரமாக மழைத்தண்ணி ஒழுகிக் கறை பிடித்திருக்கிறது. அடியில் வேகத்தடை இடித்து நசுங்கியிருக்கிறது. நான் என்ன பண்ணட்டும், நீ குறுக்கே சாய்த்து ஏற்றுவாய், எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

“ஏம்மா, இந்த வண்டிய வெச்சுட்டு நீ தினமும் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நான் அங்க வயித்துல நெருப்பக் கட்டிட்டுக் கெடக்கறேன். குடுத்துரு. சின்னதா, கியர் இல்லாத வண்டி ஒண்ணு எடுத்துக்க.”

“சின்ன வண்டில மேல ஏறி உக்கார்ற மாதிரி இருக்குதுடி. கட்டில்ல உக்காந்து ஓட்டற மாதிரி.”

“அப்ப என்னதான் வேணுங்கற?”

“கீழ உக்காரணும். இந்த மாதிரி. சத்தமும் வரணும்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ரேஸ் கார் கேட்கிறது என்று நினைத்திருப்பாள். மாப்பிள்ளைதான் மெதுவாகச் சொன்னார், “அத்தை, பெங்களூர்ல ஒருத்தர் இந்த மாதிரிப் பழைய வண்டிய எல்லாம் சேத்து வெக்கறாருங்க. இதக் குடுத்தா ரகு பாத்துட்டு வந்த புது வண்டியே வாங்கிக்கலாம். வர்ற இருவத்து மூணாந் தேதி வரச் சொல்லட்டுங்களா?”

நீ புது வண்டியைப் பார்த்துவிட்டு வந்தது மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் சொல்லவில்லை.

“வரட்டும்” என்றேன். அவர்கள் போனதும் தலையணையை எடுத்து வெயிலில் போட்டேன். உடனே மழைத்தூறல் வந்தது, திரும்ப எடுத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

கடையில் வாங்கின பேண்ட்டைக் கொண்டுவந்து ஒருத்தர் அடி மடிக்கச் சொன்னார். உன் நினைப்பு. உனக்கு எந்தக் கடைப் பேண்ட்டும் அப்படியே சேர்ந்ததில்லை. எட்டாம் மாசத்திலேயே உள்ளங்கை அளவு பிறந்தாய், சுண்டு விரல் மாதிரி இருந்ததால்தான் சுண்டு. அப்புறம் வளர்ந்தாலும் உயரம் வரவில்லை. ஒவ்வொரு பேண்ட்டிலும் நான்கு விரல் துணி வெட்டுவேன். அந்தத் துண்டுகளில்தான் உன் டூல்ஸ் துடைக்கத் துணி தைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஸ்கூட்டிக்காரம்மா திட்டினாள். அவ்வளவுதான்.

ஜூன் 14, வெள்ளி

எழுதாமல் விட்டால் உனக்குச் சொல்லாத மாதிரி இருக்கிறது. நேற்று கணபதி பஸ் ஸ்டாப் பக்கத்தில் அந்தம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியில் அவளுக்கு முன்னால் ஒரு குழந்தை, யூனிபார்ம் போட்டுக்கொண்டு நின்றபடி. அவள் சட்டென்று நிறுத்தினாள். நான் பிரேக்கை அழுத்தப் போனேன், தலையணை நழுவிப் பக்கவாட்டில் போய்விட்டது, நான் பின்னால் சரிந்துவிட்டேன். கால் எட்டவில்லை. கையால் பக்கத்துப் பிரேக்கை இழுத்தேன். ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, காரைப் பார்த்த சந்தோசத்தில். பாவாடை மடிப்பு என் கைத்தையல்.

“ஓட்டத் தெரியலைன்னா எதுக்குங்க எடுத்துட்டு வர்றீங்க? புள்ள செத்திருந்தா யாரு பொறுப்பு?” என்றாள் அம்மாக்காரி. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கலாமா?

கடைக்குப் போகவில்லை. உன் போனில் இருந்து ஷெரினைக் கூப்பிட்டேன். “நான் ரகுராம் அம்மா. அந்த வண்டிய நான் வந்து பாக்கறேன்” என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

பஸ்ஸில்தான் போனேன். ஷோரூம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக, குளிராக இருந்தது. செருப்பைக் கழற்றப் போனேன். “வேண்டாங்கம்மா, வாங்க” என்றாள் ஷெரின். சின்னப் பெண். சுடிதார் தோளில் ஒரு பக்கம் ஏறியிருந்தது, தைத்தவள் சரியாகக் கை வெட்டவில்லை.

வண்டி சாம்பல் நிறம். தாழ்வாக, பதுங்கின பூனை மாதிரி இருந்தது. உனக்கு ஏன் ஆசை வந்தது என்று தெரிந்தது. கிளட்ச்சே கிடையாது. மழைத்தண்ணி உள்ளே வராது. கதவை மூடினால் வெளியே லாரி போவது கேட்கவில்லை. பழைய வண்டிக்கு நீ ஒரு ரப்பர் வளையத்துக்கு மாசக்கணக்கில் அலைந்தாய், இதற்கு இங்கேயே எல்லாம் கிடைக்குமாம்.

உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. அவள் கதவோரம் ஒரு பட்டனைத் தொட்டாள். சீட்டு முனகிக்கொண்டே என்னைத் தூக்கி முன்னால் கொண்டுபோனது. இரண்டு காலும் போய் அதனதன் இடத்தில் நின்றன.

“இது மெமரி சீட்டுங்கம்மா. உங்க அளவ ஒண்ணாம் நம்பர்ல போட்டு வெச்சுக்கலாம். வீட்டுல வேற ஒருத்தர் ஓட்டினா அவங்களுக்கு ரெண்டாம் நம்பர். நம்பரத் தொட்டா அவங்கவங்க இடத்துக்கு அதுவே போயிரும்.”

“நடுவுல யாராச்சும் தள்ளிட்டா?”

“தள்ளினாலும் அது மறக்காதுங்க.”

அவிநாசி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். “நல்லா ஓட்டறீங்கம்மா, யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்றாள். எனக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“ரகு இதுல ஓட்டினானே. அவன் அளவு இருக்குதா?”

“இது எல்லாருக்கும் ஓட்டிக் காட்டற வண்டிங்கம்மா. தினமும் நெறையப் பேரு ஏறுவாங்க. அப்பவே மாறியிருக்கும்.”

“நான் அளவு கொண்டாந்தா ரெண்டாம் நம்பர்ல போட்டுத் தருவியா?”

“சாரயே கூட்டிட்டு வாங்களேன்.”

அப்போதுதான் சொன்னேன். மார்ச் மாசம், வியாழக்கிழமை, பட்டறையில் நெஞ்சு வலி வந்து தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான், உள்ளே நடந்து போனவன் வெளியே வரவில்லை என்று. என் வாயால் இதை நான் சொன்னது இதுதான் முதல் தடவை. மற்றவர்களுக்கெல்லாம் திருமூர்த்திதான் சொன்னான்.

ஷெரின் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். “அளவக் கொண்டாங்கம்மா, நானே போட்டுத் தர்றேன்” என்றாள்.

அப்படியானால் நான் புது வண்டி வாங்கலாம், சுண்டு. ஒண்ணாம் நம்பரில் நான் போவேன், வருவேன், யாரையும் இடிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொள்வேன்.

ஜூன் 17, திங்கள்

திருமூர்த்தி வண்டியை எட்டாம் தேதியே சரி செய்து கொடுத்துவிட்டான், சொல்ல மறந்தேன். இன்றைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போனேன். சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். சீட்டின் மூலையில் இருந்து, அழுத்தின கிளட்ச் வரைக்கும். கையால் அழுத்திக்கொண்டு, வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு.

எடுத்ததை எழுதப் போனவள் நிறுத்திவிட்டேன். திரும்ப எடுத்தேன். அதேதான்.

உன் உள்கால் அளவு எனக்குப் பார்த்து எழுத வேண்டியதில்லை. இருபத்தெட்டரை. உன் பேண்ட்டை எல்லாம் வெட்டினவள் நான். இந்தச் சீட்டில் உட்கார்ந்தால் நீயும் கட்டை விரலால்தான் உதைத்திருக்க முடியும். உனக்கும் தலையணை வேண்டும்.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் சாய்ந்துதான் உட்காருவார்கள், அப்படி உட்கார்ந்திருப்பாய். டேப்பும் பழசு, இழுத்து இழுத்து நீண்டிருக்கும்.

நாளைக்குப் புது டேப் வாங்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

புது டேப்பும் அதையே சொல்கிறது.

ஜூன் 19, புதன்

பட்டறைக்குப் போனேன். திருமூர்த்தி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான், கால் மட்டும் வெளியே. அவ்வளவு நீளமான கால். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் அவன் வெளியே வரும்வரை நின்றேன்.

“திருமூர்த்தி, அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்து வண்டிய வீட்டுக்கு யாரு கொண்டாந்தது?”

“நாந்தானுங்கம்மா. நீங்க அப்ப... உங்களுக்கு ஞாபகம் இருக்காது. சாவி ரகு பாக்கெட்ல இருந்தத நர்சு குடுத்தாங்க.”

“சீட்டைத் தள்ளினியா?”

“பின்னாடி தள்ளித்தானுங்க உக்காந்தேன். முட்டி ஸ்டீயரிங்ல இடிச்சுது. என்னுங்கம்மா, எதாச்சும் உடைஞ்சிருச்சா?”

“ஒண்ணும் உடையலை.”

“அவன் இருந்தப்ப திட்டுவானுங்க. ‘நெட்டைக்கொக்கு, என் சீட்ட மாத்தாதடா’ம்பான். ஒவ்வொரு தடவையும் திரும்பத் தள்ளி வெச்சுட்டுத்தான் எறங்குவேன். அன்னிக்கு மட்டும்...” என்று நிறுத்திக்கொண்டான். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் உனக்குத் தைத்துக் கொடுத்த துணி.

“எவ்வளவு தள்ளினே? எந்த எடத்துல இருந்து?”

“பாக்கலீங்கம்மா. கண்ணே தெரியலைங்க அன்னிக்கு.”

அவனுக்கு டீ சொல்லிவிட்டு வந்தேன். அவன்மேல் கோபம் இல்லை. யார்மேலும் இல்லை. நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறேன், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு. பாதி வழியில்தான் நினைவு வந்தது.

ஜூன் 20, வியாழன்

மூன்று மாசமாக நான் காவல் காத்தது திருமூர்த்தியின் சீட்டு. சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நீ இருந்தால் தரையில் உருண்டு சிரிப்பாய். அந்தக் குழந்தையை இடிக்கப் போனேனே, அது யாருக்காக?

ஜூன் 21, வெள்ளி

தைக்கவில்லை. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

ஜூன் 22, சனி

சுகந்தி போன் செய்தாள். “நாளைக்கு அவரு காலைலயே வர்றாராம்மா. மனசு மாறிராத.”

“மாற என்ன இருக்குது” என்றேன். இனி அந்த வண்டியில் உன்னுடையது என்ன இருக்கிறது? புது வண்டியிலும் இரண்டாம் நம்பருக்குப் போட என்னிடம் அளவு இல்லை. இரண்டும் இப்போது எனக்கு ஒன்றுதான். இரண்டும் சும்மா வண்டி.

ஷெரினும் பேசினாள். வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சுடிதாரைக் கொண்டுவரச் சொன்னேன், கையைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று.

ஜூன் 23, ஞாயிறு

திருமூர்த்தி வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினான். பெங்களூர்க்காரர் நல்ல மனிதர். நல்ல பருமன். வண்டியைச் சுற்றி வந்து, பெயிண்ட்டைத் தடவிப் பார்த்து, “கோயில் மாதிரி வெச்சுக்குவேன் மேடம். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவேன், அவ்வளவுதான், ரோட்டுக்கே கொண்டுபோக மாட்டேன்” என்றார்.

“ஓட்ட மாட்டீங்களா?”

“இத யாராவது தினமும் ஓட்டுவாங்களா மேடம்?” என்று சிரித்தார்.

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். நீ இதை ஓட்டாத நாள் உண்டா? மழையில் ஓட்டினாய், காய்கறிப் பையோடு ஓட்டினாய், தினமும் என்னைக் கடையில் இறக்கிவிட்டாய். காப்பிக் கறை இருக்கிறது, என் ஊசி குத்தின ஓட்டை இருக்கிறது.

அவர் உட்காரக் கதவைத் திறந்தார். வயிறு இடிக்கும் என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டார்.

“இருங்க” என்றேன். “நான் தள்ளறேன்.”

உட்கார்ந்தேன். தலையணை இல்லாமல். அடியில் இருக்கிற கம்பியைப் பிடித்து இழுத்தேன். மூன்று மாசமாகத் தொடாதது, என்னமோ சுடும் என்று நினைத்திருந்தேன், சும்மா இரும்புதான். முன்னால் இழுத்தேன். டக் என்று ஒரு இடத்தில் விழுந்தது. இன்னொரு டக். எனக்கு எட்டுகிற இடம் வரும்வரை இழுத்தேன். கிளட்ச் அடிவரைக்கும் போனது. அவ்வளவு லேசாகப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாவியைத் திருகினேன். ஒரே தடவை.

“ஒரு சுத்துப் போயிட்டு வர்றேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனேன். சின்னவேடம்பட்டி ஏரி வரைக்கும் போனேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. வேகத்தடையில் குறுக்கே சாய்த்தேன், இடிக்கவில்லை. காற்று அடித்தது, தூறலும் இருந்தது, கறை இருக்கிற அதே ஓரத்தில் தோளில் சொட்டியது. நான் நிறுத்தவில்லை. எங்கேயும் நின்றும் போகவில்லை வண்டி.

திரும்பி வந்து அவரிடம், “மன்னிச்சுக்குங்க. இது தினமும் ஓட்டற வண்டி” என்றேன். டிபன் போட்டுத்தான் அனுப்பினேன். சுகந்தி போனில் அழுதாள். நாளைக்கு வந்து ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார்ந்து பார், அப்புறம் திட்டு என்றேன். ஷெரினுக்கும் சொல்லிவிட்டேன். நீ வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்ததை நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நீ இதையேதான் சொல்லியிருப்பாயா என்று தெரியாது, சுண்டு. ஓட்டப் போவது நான்.

எல்லாரும் போனபிறகு டேப்பை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். என் இடத்தில் இருந்து பின்னால் தள்ளிப் பார்த்தேன், ஒவ்வொரு டக்காக. உன் அளவு, சீட்டு டக் என்று விழுகிற எந்தப் பல்லிலும் சரியாக உட்காரவில்லை. ஒன்றில் கொஞ்சம் இறுக்கம், அடுத்ததில் கொஞ்சம் தளர்வு. உனக்கு நான் எப்போதும் தளர்வாகத்தான் தைத்தேன், நீ எப்போதும் இறுக்கச் சொல்லித் திரும்பக் கொண்டுவருவாய்.

நாளைக்குக் காலையில் என் இடத்துக்குத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போகிறேன். பிரித்துப் போட்ட யூனிபார்ம் அப்படியே கிடக்கிறது. இன்றைக்கு மட்டும் உன் இடத்தில் வைத்துவிடலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பல்லிலா, அதற்கு அடுத்ததிலா, எதில் சாமி நீ உட்கார்ந்திருந்தாய்?